சோடியம் குறைந்தால் உப்பைக் கூட்டலாமா?

வந்த கடிதம், சுருக்கமாக

எழுதியவருக்கு 41 வயது. அவருடைய அம்மாவுக்கு 68. அம்மாவுக்கு 12 வருடமாக ரத்த அழுத்தம் உண்டு. டெல்மிசார்டன், ஆம்லோடிபின் என்று இரண்டு மாத்திரைகள் சாப்பிட்டு வந்தார். அழுத்தம் கட்டுக்குள் வராததால் ஒன்றரை மாதத்துக்கு முன் குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரையையும் சேர்த்திருக்கிறார்கள். மூன்றாவது வாரத்தில் அம்மா சோர்ந்துபோனார். பகலிலும் தூக்கம், நடக்கும்போது தள்ளாட்டம், சாப்பாட்டில் நாட்டமில்லை. பரிசோதனையில் சோடியம் 127, பொட்டாசியம் 4.9, கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவுப்பொருள்) 1.2. மருத்துவர் நீர் மாத்திரையை நிறுத்திவிட்டு, "தண்ணீரைக் குறையுங்கள், உப்பையும் கூட்ட வேண்டாம், ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள்" என்றார்.

வீட்டில் இதை யாரும் ஏற்கவில்லை. சோடியம் என்றால் உப்புதானே, அது குறைந்திருக்கும்போது உப்பைக் கூட்டாமல் எப்படி என்று பெரியம்மா கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து காலையும் மாலையும் அரை டீஸ்பூன் உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறார்கள். சிறுநீரகம் சுத்தமாகட்டும் என்று ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் வேறு. ஒரு வாரத்தில் சோடியம் 131 ஆனதும், உப்புத் தண்ணீர் வேலை செய்கிறது என்று அதையே தொடர்ந்தார்கள். இப்போது அழுத்தம் 160/94. இரண்டு கணுக்காலும் வீங்கியிருக்கின்றன. 10 நாளில் 2 கிலோ எடை கூடியிருக்கிறது. தம்பி வந்து பார்த்து, "பிரஷர் இருக்கிறவங்களுக்கு யாராவது உப்பு கொடுப்பாங்களா?" என்று கோபப்பட்டு, குறைந்த சோடியம் உப்பு ஒரு பாக்கெட் வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நடுவில் முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக் மாத்திரையும் ஓடுகிறது.

அவர் கேட்பவை: அம்மாவின் சிறுநீரகம் கெட்டுவிட்டதா? உப்பு எவ்வளவு கொடுப்பது? வினை மாத்திரையால் வந்தது என்றால் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடலாமா? உப்பையும் கூட்டாதே, தண்ணீரையும் குறை என்று மருத்துவர் சொன்னதில் என்ன நியாயம்?

பதில்

அன்புள்ள சகோதரி,

அம்மாவுக்காக வீடே முனைந்து நிற்கிறது என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால் அவர் நடுவில் அகப்பட்டுக்கொண்டிருக்கிறார். காரணங்களுக்குப் போவதற்கு முன், காத்திருக்கக் கூடாத சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

உப்புத் தண்ணீரை நிறுத்துங்கள். 4 லிட்டர் தண்ணீர்க் கணக்கையும் விட்டுவிடுங்கள். தம்பி வாங்கிய உப்புப் பாக்கெட்டைப் பிரிக்க வேண்டாம். டைக்ளோஃபினாக்கும் வேண்டாம்; வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் எவ்வளவு கொடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். டெல்மிசார்டனையும் ஆம்லோடிபினையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நாளைக்கோ மறுநாளோ சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றையும் மறுபடி பார்த்து, முடிவோடு மருத்துவரைப் போய்ப் பாருங்கள். 131 வந்துவிட்டதே என்று அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

இதற்கிடையில் அம்மா குழப்பமாகப் பேசினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தலைவலி கடுமையானாலோ, எழுப்பினால் சரியாக விழிக்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். சோடியம் குறையும்போது மூளைச் செல்களுக்குள் தண்ணீர் புகுந்து அவை வீங்குகின்றன. மண்டை ஓட்டுக்குள் அவை விரிவதற்கு இடம் கிடையாது. அம்மாவின் பகல் தூக்கமும் தள்ளாட்டமும் பெரும்பாலும் அதனால் வந்தவைதான்.

சோடியத்தை வீட்டிலேயே ஏற்ற முயல வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. பல நாள் குறைந்தே இருந்த சோடியம் திடீரென்று வேகமாக ஏறினால், மூளை நரம்புகளின் மேலுறை சிதைந்துபோகலாம். மருத்துவமனையில்கூட 24 மணி நேரத்தில் 8 புள்ளிக்கு மேல் ஏறிவிடாமல், சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுகிறோம்.

ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ உப்பு

சரி, இப்போது விளக்கத்துக்கு வருகிறேன். சிறுநீரகம் உப்பை எப்படிக் கையாள்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிட்டால், மருத்துவர் சொன்ன இரண்டும் ஒன்றோடொன்று முரண்படவில்லை என்பது தானாக விளங்கும்.

இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் சற்று அதிகமாக, சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. நெஃப்ரான் என்பது ஒரு நுண்ணிய வடிகட்டியும், அதிலிருந்து கிளம்பி வளைந்து நெளிந்து போகும் ஒரு குழாயும் சேர்ந்தது. நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவருக்கு இந்த வடிகட்டிகள் வழியாக நாள் ஒன்றுக்கு சுமார் 180 லிட்டர் திரவம் இறங்குகிறது. ரத்தத்தில் உள்ள திரவப் பகுதி மொத்தமே 3 லிட்டர்தான். அப்படியென்றால் அதே திரவம் ஒரே நாளில் 60 முறை வடிகட்டப்படுகிறது. சிறுநீரகத்தைச் "சுத்தம் செய்ய" மேலும் 2 லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நினைப்பவர்களிடம் நான் இந்த 180 லிட்டரைத்தான் சொல்வேன். கழுவும் வேலை உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கிறது. கல் அடைப்பு வந்தவர்கள் போன்ற சிலருக்குக் கூடுதல் தண்ணீர் உதவும். உங்கள் அம்மாவுக்கு அது இப்போது கெடுதல்.

அந்த 180 லிட்டரோடு இறங்கும் உப்பைக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ வருகிறது. நாம் ஒரு நாளில் சாப்பிடுவதோ 5 முதல் 10 கிராம். ஆகவே இறங்கிய 1,500 கிராமில் 1,490 கிராமையாவது திரும்ப எடுத்துக்கொண்டு, சாப்பிட்ட அளவை மட்டும் வெளியே விட வேண்டும். நாளை நீங்கள் இரண்டு மடங்கு உப்பு சாப்பிட்டால், விடும் அளவும் சில நாட்களில் இரண்டு மடங்காக வேண்டும். உப்பே சாப்பிடாமல் இருந்தால் ஏறக்குறைய எதையுமே விடக் கூடாது. எத்தனை வருடம் இந்தத் துறையில் இருந்தாலும், ஒரு நோயாளியின் சிறுநீர்ச் சோடியம் அறிக்கையைக் கையில் எடுக்கும்போது இந்தத் துல்லியம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

குழாயின் முதல் பகுதி, உப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தண்ணீரோடு சேர்த்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அடுத்து வருவது ஹென்லே வளையம். 1862-இல் அதை விவரித்த ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஹென்லேயின் பெயர் அதற்கு. இந்தக் கொண்டை ஊசி வளைவில் இன்னொரு நாலில் ஒரு பங்கு திரும்புகிறது. இங்கே ஒரு விசேஷம்: வளையத்தின் ஏறுமுகப் பகுதி உப்பை மட்டும் வெளியே எடுக்கும், தண்ணீரை விடாது. அதற்கு அடுத்த பகுதியும் அப்படித்தான். இதனால் குழாய்க்குள் மிஞ்சும் திரவம் ரத்தத்தைவிட நீர்த்துப்போகிறது. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவின் கதை இங்கேதான் திரும்புகிறது.

உப்புக் கணக்கு வேறு, தண்ணீர்க் கணக்கு வேறு

கடைசியாக மிஞ்சும் சில சதவீத உப்பை என்ன செய்வது என்பதை ஹார்மோன்கள் முடிவு செய்கின்றன. உடலில் மொத்தம் எத்தனை கிராம் உப்பு இருக்கிறது என்று நேராக அளந்து பார்க்கச் சிறுநீரகத்திடம் கருவி ஏதும் இல்லை. ரத்தக்குழாய்கள் எவ்வளவு நிறைந்து ஓடுகின்றன என்பதை வைத்து அது புரிந்துகொள்கிறது. ஓட்டம் குறைந்தால் ரெனின் என்ற பொருளை ரத்தத்தில் விடுகிறது. அது ஆஞ்சியோடென்சினை உண்டாக்க, ஆஞ்சியோடென்சின் போய்ச் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, அங்கிருந்து ஆல்டோஸ்டிரோன் வருகிறது. "உப்பைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே விடு" என்பது ஆல்டோஸ்டிரோனின் கட்டளை. ரத்தக்குழாய்கள் நிறைந்துவிட்டால் இது அடங்கிவிடும். இதயத்தின் மேலறைகளும் அப்போது ஒரு ஹார்மோனை அனுப்பி, உப்பை வெளியே விடச் சொல்கின்றன. அம்மா சாப்பிடும் டெல்மிசார்டன், ஆஞ்சியோடென்சினின் வேலையைத் தடுக்கும் மருந்து.

தண்ணீர்க் கணக்கைப் பார்ப்பது வேறொரு அதிகாரி. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், ரத்தத்தின் அடர்த்தியை ஓயாமல் அளந்துகொண்டிருக்கிறது. 1, 2 சதவீதம் கூடினாலே தாகத்தை எழுப்பி, வாசோபிரசின் என்ற ஹார்மோனை விடச் செய்கிறது. அந்த ஹார்மோன் சிறுநீரகக் குழாயின் கடைசிப் பகுதியில் தண்ணீர் வாசல்களைத் திறக்கும். தண்ணீர் உடலுக்குள் திரும்பும். சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகும். தண்ணீர் நிறையக் குடித்தால் ஹார்மோன் நின்று, வாசல்கள் மூடி, சிறுநீர் தெளிவாகப் போகும்.

உங்கள் வீட்டுக் குழப்பம் முழுவதும் இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாக நினைத்ததில் தொடங்கியது. ரத்தப் பரிசோதனையில் வரும் சோடியம் எண், உடலில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று சொல்லாது. உப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தைத்தான் அது சொல்கிறது. ஒரு பாத்திரம் ரசத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டால் சப்பென்று ஆகிவிடும். உள்ளே போட்ட உப்பு அப்படியேதான் இருக்கிறது. இயல்பான அளவு 135 முதல் 145. அதற்குக் கீழே போனால், பெரும்பாலான நேரங்களில் தண்ணீர் அதிகமாகத் தங்கிவிட்டது என்று பொருள்.

உடலில் உப்பு கூடியதா என்று அறிய எடை, கால், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்க வேண்டும். உப்பு தங்கினால் அதற்கு ஈடாகத் தண்ணீரும் தங்கும். சுமார் 9 கிராம் உப்புக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதாவது ஒரு கிலோ எடை. அம்மாவுக்கு 2 கிலோ கூடியிருக்கிறது என்றால், நீங்கள் கொடுத்ததில் 18 கிராம் அளவுக்கு உள்ளேயே தங்கியிருக்கலாம். கணுக்கால் வீக்கத்திலும் 160/94-லும் அதன் பங்கு இருக்கிறது. சோடியம் எண் குறைவாக இருக்கும்போதே உடலில் உப்பு மிகுந்து இருக்க முடியும். இதை ஏற்றுக்கொள்ளப் பலருக்கும் கடினமாக இருக்கும், பெரியம்மாவுக்கும் இருக்கும். அவரிடம் பொறுமையாக ரச உதாரணத்தையே சொல்லிப் பாருங்கள்.

அப்படியானால் 127 எப்படி வந்தது?

நீர்த்த சிறுநீரை உண்டாக்கும் இடம் என்று மேலே சொன்னேன் இல்லையா? ஹென்லே வளையத்துக்கு அடுத்த அந்தப் பகுதியில் உப்பு திரும்பிப் போகும் வாசலைத்தான் குளோர்தாலிடோன் அடைக்கிறது. அழுத்தத்தைக் குறைக்க அது நல்ல மருந்து. பல வருடமாகப் பலரைப் பக்கவாதத்திலிருந்து காப்பாற்றி வருகிறது. ஆனால் அந்த வாசல் அடைபட்டால் சிறுநீரகத்தால் சிறுநீரை நன்றாக நீர்க்கச் செய்ய முடியாது. குடித்த தண்ணீரை வெளியே தள்ளும் திறன் சுருங்கிவிடும். அந்த நேரத்திலும் வழக்கம்போல, அல்லது அதற்கும் மேலே தண்ணீர் குடித்தால், அது உள்ளே தங்கி ரத்தம் நீர்த்துப்போகும்.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. வயதானவர்களுக்கு, அவர்களிலும் பெண்களுக்கும் மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்கும் அதிகம். மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில்தான் பெரும்பாலும் தெரியவரும். அம்மாவின் விஷயத்தில் எல்லாம் அப்படியே பொருந்துகிறது. மருந்து எழுதிய மருத்துவர் தவறு செய்துவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த வயதில் இந்த மாத்திரையைத் தொடங்கினால் ஓரிரு வாரத்தில் சோடியம் பார்த்திருக்கலாம். அப்புறம், 127-லிருந்து 131-க்கு ஏறியதற்கான பெருமை மாத்திரையை நிறுத்தியதற்கே போக வேண்டும். குளோர்தாலிடோன் உடலை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும், சில நாட்கள் ஆகும். 4 லிட்டர் தண்ணீர் ஊற்றாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாகவே ஏறியிருக்கும்.

மருத்துவர் சொன்னதற்கும் பொருள் இப்போது விளங்கும். தண்ணீரைக் குறைக்கச் சொன்னது சோடியம் எண்ணுக்காக. உப்பைக் கூட்டாதே என்றது அழுத்தத்துக்காகவும் வீக்கத்துக்காகவும். அடுத்த பரிசோதனை வரும்வரை தாகத்துக்கு மட்டும் குடிக்கட்டும். எத்தனை லிட்டர் என்று உங்கள் மருத்துவரே அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஒன்றை மட்டும் அம்மாவின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள்: "தயாசைடு வகை நீர் மாத்திரையால் சோடியம் 127 வரை குறைந்தது." குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயாசைடு, இன்டபமைடு இவையெல்லாம் ஒரே வேலையைச் செய்பவை. மறுபடி கொடுத்தால் மறுபடி இதே நிகழ வாய்ப்பு அதிகம். ரத்த அழுத்தத்துக்கான கூட்டு மாத்திரைகளுக்குள் இவை சேர்ந்தே வரும். பெயரின் கடைசியில் ஓரிரு எழுத்து மட்டும்தான் வித்தியாசம் இருக்கும். புதிதாக எந்த மாத்திரை கொடுத்தாலும் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பரிசோதனை அறிக்கைகளின் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதும் அப்படியே.

சிறுநீரகம் கெட்டுவிட்டதா?

கால் வீக்கத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். அம்மாவின் கால் வீங்க, கையெட்டும் தூரத்திலேயே மூன்று காரணங்கள் இருக்கின்றன. ஒன்று உப்புத் தண்ணீர். இரண்டாவது டைக்ளோஃபினாக், இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்து வைக்கச் செய்யும். மூன்றாவது ஆம்லோடிபின். அது நுண்ணிய ரத்தக்குழாய்களை விரிப்பதால் கணுக்காலில் நீர் கசிந்து சேரும். இந்த மூன்றாவது வகை வீக்கத்தில் உப்புக்கும் சிறுநீரகத்துக்கும் சம்பந்தமில்லை. இந்த வீக்கத்தைப் பார்த்து "நீர் வடியட்டும்" என்று யாராவது மறுபடி ஒரு நீர் மாத்திரை எழுதிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. ஆம்லோடிபின் வீக்கத்துக்கு மருந்தின் அளவைக் குறைப்பதோ மாற்றுவதோதான் வழி. உப்புத் தண்ணீரையும் வலி மாத்திரையையும் நிறுத்திய பிறகும் வீக்கம் இருந்தால் இதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். இதயம், கல்லீரல் பக்கமும் அவர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கிரியாட்டினின் 1.2 பற்றி ஒரு திருத்தம். பரிசோதனைத் தாளில் அது இயல்பு எல்லைக்குள் அல்லது எல்லையை ஒட்டி இருப்பதாக அச்சாகியிருக்கலாம். அந்த எண்ணை வயதோடும் பாலினத்தோடும் சேர்த்துப் படிக்க வேண்டும். 68 வயதுப் பெண்ணுக்கு 1.2 என்றால், 2021-இல் வந்த கணக்கீட்டுச் சூத்திரத்தின்படி வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு சுமார் 49 மில்லிலிட்டர். நல்ல ஆரோக்கியத்தில் உள்ள இளம் வயதினருக்கு இது 90-க்கு மேல் இருக்கும். நடுத்தர வயதுக்குப் பிறகு மெல்லக் குறைவது இயல்புதான் என்றாலும், 49 கவனிக்க வேண்டிய அளவு. அதே நேரம், இதை நிரந்தரப் பாதிப்பு என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. டெல்மிசார்டன், நீர் மாத்திரை, டைக்ளோஃபினாக் மூன்றும் ஒரே உடலில் சேரும்போது வடிகட்டிக்குப் போகும் ரத்தத்தின் அழுத்தம் குறைந்துவிடும். சிறுநீரகம் தற்காலிகமாகத் தளர்வதற்கு இந்த மூன்றின் கூட்டு ஒரு பழகிய காரணம். அவற்றில் இரண்டு நின்றுவிட்டால் வடிகட்டும் திறன் மேலே வரக்கூடும். அது 60-க்குக் கீழே மூன்று மாதமாவது தொடர்ந்து இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்வோம்.

இன்னொரு பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்: காலைச் சிறுநீரில் ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்)–கிரியாட்டினின் விகிதம். எளிய பரிசோதனை, ஊசி இல்லை. 30-க்குக் கீழே இருந்தால் வடிகட்டிகள் ஒழுகவில்லை என்று ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். அதற்கு மேலே போனால் டெல்மிசார்டனின் அருமை இன்னும் கூடுகிறது, ஏனென்றால் அழுத்தத்தைக் குறைப்பதோடு அந்த ஒழுகலையும் அது குறைக்கும்.

அதனால்தான் எல்லா மாத்திரைகளையும் நிறுத்தலாமா என்ற கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பது. குற்றவாளி ஒன்றுதான்; அது ஏற்கெனவே வெளியே போய்விட்டது. 12 வருட அழுத்தத்தைக் கட்டில்லாமல் விட்டால் அது சிறுநீரகத்தையும் தாக்கும். கடும் வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து உடல் வறண்டுபோகும் நாட்களில் மட்டும் டெல்மிசார்டனைக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

தம்பி வாங்கிய உப்பு

தம்பி நல்லெண்ணத்தில்தான் வாங்கியிருக்கிறார். அவர் எங்கேயோ படித்ததும் பொய்யில்லை. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து நடந்த ஆய்வொன்று 2021-இல் வெளியானது. அதில் பாதிப்பேருக்கு, கால் பங்கு சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கலந்த உப்பைக் கொடுத்தார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் தீவிர சிறுநீரக நோய் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை.

குறைந்த சோடியம் உப்பில் சோடியம் குறைந்த இடத்தைப் பொட்டாசியம் நிரப்புகிறது. பொட்டாசியத்தை வெளியே விடச் சொல்லும் ஹார்மோன் ஆல்டோஸ்டிரோன் என்று மேலே பார்த்தோம். அம்மாவின் டெல்மிசார்டன் அதைக் குறைத்து வைத்திருக்கிறது. வடிகட்டும் திறனும் 49. டைக்ளோஃபினாக்கும் பொட்டாசியத்தை ஏற்றும். இப்போதே 4.9, அதாவது மேல் எல்லையை ஒட்டி நிற்கிறது. இதற்கு மேல் பொட்டாசியம் ஏறினால் அது இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கும், பல நேரம் முன்னறிவிப்பே இருக்காது. தம்பிக்கு வேறு நோய் இல்லை, சிறுநீரகமும் நன்றாக இருக்கிறது, பொட்டாசியம் ஏற்றும் மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை என்றால் அந்தப் பாக்கெட்டை அவர் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். அவருக்கு அது நல்லதே செய்யும்.

கல்லுப்பு, பாறை உப்பு, தூள் உப்பு என்று பெயர் எதுவானாலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதால் சிறுநீரகத்துக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

எவ்வளவு உப்பு?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு. சமைக்கும்போது போடுவது, மேலே தூவுவது, பாக்கெட் உணவில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் சேர்ந்த கணக்கு இது. ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. நீங்கள் கரைத்துக் கொடுத்தது மட்டுமே அந்த அளவைத் தொட்டுவிடுகிறது.

வாரத்தில் சில நாள், காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், ஒரே எடைக்கருவியில் எடை பார்த்து எழுதுங்கள். கூடவே ரத்த அழுத்தத்தையும். உப்புத் தண்ணீரை நிறுத்தினால் அடுத்த ஒரு வாரத்தில் கூடிய எடையில் பெரும்பகுதி இறங்க வேண்டும். இறங்காவிட்டால், அல்லது இரண்டு மூன்று நாளில் மேலும் ஒன்றரை, இரண்டு கிலோ ஏறினால், அடுத்த சந்திப்புத் தேதிக்காகக் காத்திருக்காமல் போய்ப் பாருங்கள்.

கடைசியாக, உப்பில்லாமல் சாப்பாடு இறங்கவில்லை என்று அம்மா சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உப்பே போடாமல் சமைத்துவைத்து, அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனால் அதுவும் சோடியத்தைக் கெடுக்கும். சிறுநீரகத்தால் வெறும் தண்ணீரை மட்டும் வெளியே விட முடியாது. உணவிலிருந்து வரும் உப்பும், புரதம் செரித்து வரும் யூரியாவும் கொஞ்சம் கலந்திருந்தால்தான் தண்ணீரும் போகும். சரியாகச் சாப்பிடாத முதியவர்களுக்கு அந்தக் கழிவு குறைந்து, அளவாகக் குடித்த தண்ணீர்கூட உள்ளே தங்கிவிடும். ஆகவே மிதமாக உப்பு போட்டுச் சமையுங்கள். புளிப்பையும் காரத்தையும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். நாக்கு பழகச் சில வாரம் ஆகும். ஒவ்வொரு வேளையிலும் புரதம் உள்ள ஏதாவது ஒன்று இருக்கட்டும். வயிறாரச் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். அடுத்த அறிக்கையில் சோடியம் 135-ஐத் தாண்டியிருந்தால், தண்ணீர் அளவைத் தளர்த்தலாமா என்று மருத்துவரிடம் அப்போது கேட்டுக்கொள்ளலாம்.